ஆற்றைப் பார்த்த பெஞ்சுகள்

குமரகுருபரன் ஓய்வுபெற்ற பொறியாளர். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஊருக்கும் ஓய்வில்லை. பறவைக்குக் கிளை வேண்டும், மீனுக்கு மடு வேண்டும், மனிதன் செழிக்க என்ன வேண்டும் என்று எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்பார். பதிலையும் அவரே சொல்லிவிடுவார்: கூடி உட்கார ஓர் இடம்.

ஊரில் வசூல் செய்து, தாமிரபரணிப் படித்துறைக்கு மேலே வரிசையாகச் சாய்மானம் வைத்த பெஞ்சுகளைச் சிமெண்டில் பதித்தார். எல்லாம் ஆற்றைப் பார்த்தபடி. அங்கே குளிக்கிற பெண்களில் ஒருத்தியிடமும் கேட்கவில்லை. தினமும் அங்கேதான் குளிக்கிறாள் அவருடைய அக்கா ராஜராஜேஸ்வரி. அவளிடமும் கேட்கவில்லை. நல்லது செய்கிறவனுக்கு யோசனை எதற்கு என்பது அவர் கட்சி.

வெயில் ஏறுமுன் முடிக்கலாமென்று திறப்பு விழாவைக் காலையிலேயே வைத்தார். படியில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது என்று உத்தரவு வேறு. பையன்கள் அங்கே கிடந்த துணிகளைச் சுருட்டி மேடைக்கு அடியில் தள்ளினார்கள். பெஞ்சுகள் ஆண்களால் நிறைந்தன. அவர் கழுத்தில் மாலை விழுந்தது.

பேச எழுந்து ஆற்றுப் பக்கம் திரும்பியபோதுதான் தண்ணீரில் கழுத்தளவில் ஏழெட்டுத் தலைகளைப் பார்த்தார். யாரும் முங்கவில்லை, மஞ்சள் தேய்க்கவில்லை. கரையைப் பார்த்து அசையாமல் நின்றார்கள். நடுவில் அக்கா.

"ஏலே குமரா, ஒனக்கு மாலை போட்டாச்சுல்லா? இனி எங்களக் கரையேற விடு. விடியுமுன்ன எறங்குனது. எங்க சேலையெல்லாம் எங்கன?"

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். குமரகுருபரனுக்குக் காது எரிந்தது. இந்த வயதில், இத்தனை பேர் முன்னால், கூடப் பிறந்தவளை இப்படி நிறுத்திவிட்டோமே என்று உடம்பு கூசியது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பார். பூமி அப்படியெல்லாம் உதவுவதில்லை.

மேடைக்கு அடியில் குனிந்து துணிகளை வாரிக்கொண்டு, தலை நிமிராமல் படியிறங்கினார். கடைசிப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். எதிரே அத்தனை முகங்களும் அவரைத் தாண்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள் என்று கெஞ்சினார். எப்படித் திரும்புவது? பின்னால் அவர் வைத்த சாய்மானம்.

"எந்திச்சுப் போயிருங்கய்யா" என்று கைகூப்பினார். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். விழா முடிந்தது.

முதுகுக்குப் பின்னால் துணி பிழிகிற சத்தம் கேட்டது. அக்காவுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

"இனி நாங்க எங்கன போயிக் குளிக்க, குமரா?"

கழுத்தில் மாலையோடு, காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்றார்.