வியாகுலம்மாள் கண்ட மஞ்சள்

1952இல் குளச்சல் கடற்கரையிலிருந்து யோவான் கண் சோதனைக்கு வந்தான். கப்பல் வேலைக்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும். நெய்யூருக்கு அருகே சின்னதாக ஒரு கண் ஆஸ்பத்திரி நடத்திய டாக்டர் குளோரி, நிறப் புள்ளிகளில் எண்கள் ஒளிந்திருக்கும் படங்களைக் காட்டினாள். ஓர் எண்ணைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. சிவப்பும் பச்சையும் அவனுக்கு ஒன்றுபோலத்தான். கையெழுத்துப் போட வழியில்லை என்றாள் குளோரி. கூட வந்திருந்த தாய் வியாகுலம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள். ஒரே நிறம் என்று குளோரி நினைத்திருந்த இரண்டு புள்ளிகளைத் தொட்டு, இது வேறு, அது வேறு என்றாள்.

குளோரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிவப்பு பச்சை பிரித்தறியாத ஆண்களின் தாய்மாருக்கு மற்றவர் காணாத நிறங்கள் தெரியலாம் என்று ஹாலந்துக்காரர் ஒருவர் ஊகித்திருந்ததை அவள் வாசித்திருந்தாள்.

ஒரு வாரத்தில் பிஸ்கட் டின் ஒன்றில் இரண்டு சன்னல் வெட்டினாள். ஒன்றில் உப்புத் தூவிய ஸ்பிரிட் விளக்கின் மஞ்சள். மற்றதில் சிவப்பு வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் கலந்து தரும் மஞ்சள். கலவையைக் கூட்டிக் குறைத்தால் ஏதோ ஓரிடத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். நர்சுகளுக்கு ஆயிற்று, குளோரிக்கும் ஆயிற்று. வியாகுலம்மாளுக்கு மட்டும் ஆகவேயில்லை.

வாய்க்கு வந்ததைச் சொல்கிறாளோ என்று குளோரிக்குச் சந்தேகம். சொல்லாமல் இரண்டு சன்னலிலும் உப்பு விளக்கின் வெளிச்சத்தையே விழவைத்தாள்.

“இப்பம் ரெண்டும் ஒண்ணுதான். எதுக்கு மாத்துனிய டாக்டரம்மா?”

இருபது முறை மாற்றி மாற்றி வைத்தும் அவள் ஒரு முறைகூடத் தவறவில்லை. தன் படிப்புக்கெல்லாம் எட்டாத ஒன்றை, மீன்கூடை சுமக்கிற இந்த மனுஷி தினமும் கண்டுகொண்டு நடக்கிறாள்.

அவளுக்குக் கூடுதல் நிறம் காட்டுகிற அதே கூறுதான் தாய்வழி மகனுக்குப் போய் நிறத்தை மறைக்கிறது என்று குளோரி விளக்கியதும் வியாகுலம்மாளின் முகம் வாடியது. “அப்பம் எனக்க கண்ணுதான் மவனுக்க வேலையக் கெடுத்துதா?”

இல்லையென்று பொய் சொல்லக் குளோரிக்கு மனம் வரவில்லை. பிறப்போடு வருவது, யார் குற்றமுமில்லை என்றாள். யோவான்தான் தாயின் கையைப் பிடித்தான்.

“கப்பல் இல்லாட்டி வள்ளம் இருக்கும்மா. நீ இவங்களுக்கு ஒத்தாசை செய்யி.”

அதன்பின் இரண்டு மாதம் வியாகுலம்மாள் கடற்கரை ஊர்களில் வீடு வீடாக ஏறி, யோவானைப் போன்ற மகன்களின் தாய்மாரைத் தேடிக் கூட்டிவந்தாள். பதினொரு பேர். ஒருத்திக்கும் வியாகுலம்மாளைப் போன்ற பார்வை இல்லை. மருத்துவப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரையில் குளோரி அதையும் மறைக்காமல் எழுதினாள். சோதிக்கப்பட்டவளின் பெயருக்குப் பதில் ஓர் எழுத்து போதும் என்று பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தபோது, வியாகுலம்மாளிடமே கேட்டாள். முழுப் பெயரும் இருக்கட்டும் என்றாள் அவள். அப்படியே அச்சாயிற்று.