எழுதிக் குடுங்க டாக்டரம்மா

லோகநாயகி குடிப்பது கள்ளிக்குப்பத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் அதை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னவர் யாரும் கிடையாது. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் முறையில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். எண்ணெய் படிந்த தரையைக் காலை ஆறு மணியிலிருந்து தேய்த்துத் தேய்த்து இடுப்பு விட்டுப்போன காலத்தில், கூட வேலை செய்த ஒருத்தி கூல்டிரிங்ஸில் கலந்து கொடுத்த அரை டம்ளரில்தான் அது ஆரம்பித்தது. வலி போயிற்று, தூக்கம் வந்தது. ஆறு வருஷத்தில் தினம் ஒரு குவார்ட்டர் என்றாகி, அப்புறம் காலையிலும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டால்தான் கையில் துடைப்பம் நிற்கும் என்கிற நிலைக்கு வந்துவிட்டது.

அவள் புருஷன் கன்னியப்பன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்டாண்டு ஆட்களோடு சேர்ந்து அவனும் குடிப்பான். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. லோகநாயகிக்குத்தான் தெருவில் நாலைந்து பெயர் இருந்தது.

மகள் கவிப்பிரியா பி.காம். இரண்டாம் வருஷம். காலேஜில் பெற்றோரை அழைத்துவரச் சொன்னபோது, அம்மா ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் மூலம் அது லோகநாயகியின் காதுக்கு எட்டியது. அவள் மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து குடிப்பதை நிறுத்தினாள்.

நிறுத்திய இரண்டாம் நாள் மத்தியானம், கம்பெனி கேன்டீனில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே பின்னால் சாய்ந்தாள். கையும் காலும் இழுத்துக்கொண்டன. நாக்கைக் கடித்துக்கொண்டதில் வாயெல்லாம் ரத்தம். கண் விழித்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்துக் கட்டிலில் கிடந்தாள். மதிவதனி என்ற நர்ஸ் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும். டெய்லி குடிப்பீங்களா?"

லோகநாயகி வாசல் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை.

"குட்ச்சினு இருந்தேன். ரெண்டு நாளா வுட்டுட்டேன்."

"அதான் வலிப்பு. இத்தனை வருஷம் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது. உசுருக்கே ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரில போதை மறுவாழ்வுப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அட்மிட் பண்ணி, மாத்திரை குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துவாங்க. காசு கிடையாது. ஆதார் கார்டும் இந்தச் சீட்டும் போதும்."

அன்று சாயங்காலம் சீட்டைப் பார்த்த கன்னியப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"அங்க போயி குந்துனா ஊரு சிரிக்கும். ஸ்டாண்டுல நான் எப்டி மூஞ்சிய காட்றது? காக்கா வலிப்புன்னு சொல்லிக்கலாம். கோயில்ல கவுறு கட்டிக்கோ, சரியாப்பூடும்."

"உன் தோஸ்த்து விஜய் குடிய வுட அங்கதானே போனான், போன வர்சம்? மாலை போடாத கொறையா இட்டாந்தீங்களே."

"அவன் ஆம்பள."

"அவனுக்கு இழுத்துச்சுன்னா எனக்கும் அப்டிதான்யா இழுக்கும். வலிப்புக்குத் தெரியுமா ஆம்பள பொம்பள?"

கன்னியப்பன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். லோகநாயகிக்குக் கை நடுங்கியது. நர்ஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லாமல் கொஞ்சமாக ஊற்றிக் குடித்தாள். அந்த ஒரு வாய் குடிக்கும்போது வந்த அவமானம் அதற்கு முன்பு எப்போதும் வந்ததில்லை.

வியாழக்கிழமை தனியாகவே பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு பின்பக்கக் கட்டடத்தில் இருந்தது. வரிசையில் முப்பது பேர் நின்றார்கள். ஆண்களெல்லாம் நோயாளிகள், பெண்களெல்லாம் அவர்களைக் கூட்டிவந்தவர்கள். சீட்டு போடுகிற ஆள் அவளைப் பார்த்ததும், "பேஷன்ட் எங்கம்மா? ஓடிட்டானா?" என்றான்.

"நாந்தான் பேஷன்ட்."

"உன் ஊட்டுக்காரரு பேரு சொல்லும்மா."

"அவருக்கு ஒண்ணும் இல்ல. குடிக்கிறது நானு. இன்னும் சத்தமா சொல்லணுமா?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். லோகநாயகி அவர்கள் பக்கம் திரும்பி, "நீங்க இன்னாத்துக்கு வந்துகீறீங்க, பல்லு புடுங்கவா?" என்றாள். சிரிப்பு நின்றது. முன்னால் நின்றிருந்த ஒரு பெண் மட்டும் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் பெயர் ஃபக்ருன்னிசா. பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்த தன் புருஷன் நஜீரை நாலு மாதமாக வாரா வாரம் இங்கே கூட்டிவருகிறவள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். லோகநாயகி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு ஏற்கனவே வலிப்பு வந்திருக்கு. அதனால வீட்டுல வச்சு மாத்திரை தர முடியாதும்மா. அட்மிஷன்தான். ஆனா இங்க இருக்கிற பன்னிரண்டு பெட்டும் ஆம்பிளைங்க வார்டுல இருக்கு. வேற ஆஸ்பத்திரில கேட்டுச் சொல்றேன்."

அங்கேயே போன் பண்ணினாள். இரண்டு இடத்தில் பேசிவிட்டு வைத்தாள்.

"ஒரு இடத்துல லேடீஸுக்கு பெட் இருக்கு. மூணு வாரம் ஆகும்ங்கறாங்க. பேர் குடுத்திருக்கேன்."

"அது வரைக்கும் நானா நிறுத்திக்கினு இருக்கவா?"

"கூடாது. மறுபடி வலிப்பு வரும். உயிர் போயிடலாம்."

"அப்போ குடிக்கவா?"



லோகநாயகி மேஜையில் இருந்த சீட்டை டாக்டர் பக்கம் தள்ளினாள். அவள் விரல்கள் ஆடுவது இருவருக்கும் தெரிந்தது. அவள் கையை மறைக்கவில்லை.

"மூணு வாரத்துக்கு டெய்லி குடின்னு இதுல எழுதிக் குடுங்க டாக்டரம்மா. கையெழுத்து போட்டு சீலு வைங்க. காலைல எவ்ளோ, ராத்திரி எவ்ளோன்னு மாத்திரைக்கு எழுதுற மாதிரி எழுதுங்க. கவருமெண்டு ஆஸ்பத்திரில குடிக்கச் சொன்னாங்கோன்னு என் பொண்ணாண்ட காட்டணும்."

"அம்மா, நான் என்ன பண்ணட்டும்? எனக்கு பெட் இல்லையே."

"உங்களக் கொற சொல்லல. பொம்பளைக்கு பெட்டு போடணும்னு யாருக்குத் தோணலையோ அவங்களாண்ட கேக்கறேன். யாராண்ட கேக்கணும், அத மட்டும் சொல்லுங்க."

 டாக்டர் எழுந்தாள். "வாங்க. நானும் வரேன்."

ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கும் மூத்த மருத்துவ அதிகாரி கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். டாக்டர் நோயாளிகளைப் பார்க்கத் திரும்பிப் போக, லோகநாயகி அந்த அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தாள். வியர்வை ரவிக்கையை நனைத்தது. வாசலில் நின்ற பியூன், "இங்கெல்லாம் உக்காரக் கூடாது" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். "பெட்டு குடு, போய்ப் படுத்துக்கறேன்" என்றாள். மூன்றாவது முறை அவன் வந்தபோது அவள் பக்கத்தில் ஃபக்ருன்னிசாவும் உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏன் குந்திகினு கீறே? உன் ஊட்டுக்காரர் காத்துனு இருப்பாரு."

"இருக்கட்டும்க்கா. நாலு மாசமா நான் அவருக்காகக் காத்துக் கிடக்கலையா?" என்றவள், பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். "எங்க மச்சி, அண்ணன் பொண்டாட்டி ஒருத்திக்கும் இதே கதிதான். மாத்திரை பழக்கம். வெளிய தெரியக் கூடாதுன்னு ரூமுக்குள்ள வச்சே பூட்டினாங்க. உள்ளயே உசுர விட்டு மவுத்தாயிட்டா. யாருமே உங்கள மாதிரி வந்து கேக்கல."

ஒரு மணிக்கு அதிகாரி வெளியே வந்தார். டாக்டரும் வந்து நின்றாள். பெண்கள் பொது வார்டில் மூலைக் கட்டில் ஒன்று காலியாக இருக்கிறது, தினம் இரண்டு வேளை தானே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதிகாரி, "வழக்கமில்லையேம்மா" என்று இழுத்தார்.

"வழக்கம் பண்ணுங்க சார்" என்றாள் லோகநாயகி.

அவர் கையெழுத்து போட்டார். ஆனால் கூட ஒரு பெண் துணை இருந்தே ஆக வேண்டும் என்றார். அதற்கு அவளுக்கு இருந்தது ஒரே ஒருத்திதான். மகளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. நாலாவது முறை, "பெரிய ஆஸ்பத்திரில சேர்றேன். குடிய நிறுத்த. வந்தா வா" என்று குரல் செய்தி அனுப்பிவிட்டுப் படுத்தாள். ஃபக்ருன்னிசா நஜீரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து மணிக்குக் கவிப்பிரியா காலேஜ் பையோடு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"சொல்லிட்டு வர மாட்டியா? எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?"

"நான் ஊர்லயே இல்லன்னு நெனச்சியோ இன்னாமோ."

கவிப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் லோகநாயகிக்கே வருத்தமாகிவிட்டது. மகள் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஃபக்ருன்னிசாவிடம், "நீங்க கிளம்புங்க ஆன்ட்டி, நான் இருக்கேன்" என்றாள்.

அடுத்த மூன்று நாள் லோகநாயகிக்குச் சரியாக நினைவில்லை. சுவரில் பூரான் ஊர்வதாகக் கத்தினாளாம். நர்ஸின் கையைத் தட்டிவிட்டாளாம். ஊசியும் மாத்திரையும் மாறி மாறிப் போயின. நாலாம் நாள் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு இயந்திரத்தை நிறுத்தினாற்போல் இருந்தது. எழுந்து உட்கார்ந்து, மகள் வாங்கி வைத்திருந்த இட்லியில் மூன்றைத் தின்றாள்.

அடுத்த கட்டிலில் இருந்த நோயாளியின் அக்கா, குடிகாரி பக்கத்தில் படுக்க முடியாது, கட்டிலை மாற்றுங்கள் என்று நர்ஸிடம் முறையிட்டாள். லோகநாயகி வாயைத் திறக்குமுன் கவிப்பிரியா எழுந்தாள். "எங்கம்மாவுக்கும் உடம்பு சரியில்ல, உங்க தங்கச்சிக்கும் உடம்பு சரியில்ல. யாரும் இங்க கல்யாணத்துக்கு வரல" என்றாள். வார்டே கேட்டது.

ஆறாம் நாள் கன்னியப்பன் இளநீரோடு வந்து வாசலிலேயே நின்றான். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தான்.

"ஸ்டாண்டுல மஞ்ச காமாலைன்னு சொல்லிக்கீறேன்" என்று காதோரம் சொன்னான்.

"நான் வெளிய வந்து எல்லாராண்டையும் உண்மையத்தான் சொல்வேன். அப்பால நீதான் பொய்யன்னு ஆவும். பாத்துக்கோ."

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கம்பெனி சூப்பர்வைசர், வேறு ஏதாவது வியாதி போட்டு சர்டிபிகேட் வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் டாக்டர் கொடுத்ததையே நீட்டினாள். மறுநாள் கான்ட்ராக்டர் வேறு ஆள் போட்டுவிட்டார். வேலை போனதற்கு அழுதாள். பொய் சர்டிபிகேட் வாங்காததற்கு வருத்தப்படவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது.

வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குப் போனாள். நோயாளிகள் ஒரு பக்கமும் குடும்பத்தார் எதிர்ப்பக்கமும் உட்காருவார்கள். அவள் ஆண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். முதல் வாரம் நஜீர் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தார். மூன்றாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டாள். இரண்டு டம்ளர். மறுநாள் காலை அவளே பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு தவறவில்லை.

எட்டாவது மாதம் கள்ளிக்குப்பம் பள்ளிக்கூடத்தில் வார்டு மக்கள் குறை சொல்லும் ஏரியா சபைக் கூட்டம் நடந்தது. கால்வாய், தெருவிளக்கு, குடிநீர் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். லோகநாயகி எழுந்து போய் மைக்கைக் கேட்டு வாங்கினாள். நாற்காலிகளில் இருந்தது முழுக்க அவளுடைய தெருக்காரர்கள்தான்.

"எல்லாருக்கும் என்னத் தெரியும். நான் குடிநோயாளி. அஞ்சு மாசமா ஒரு சொட்டு தொடல. நான் போன ஆஸ்பத்திரில ஆம்பளைக்குப் பன்னெண்டு பெட்டு. பொம்பளைக்கு ஒண்ணு கூட இல்ல. சண்ட போட்டுத்தான் எனக்குக் கெடச்சுது. சண்ட போடாத பொம்பளைக்கும் கெடைக்கணும். அதத் தீர்மானமா எழுதி மேல அனுப்புங்க."

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். கவுன்சிலர் தர்மசங்கடமாக நெளிந்தார். "ஆஸ்பத்திரி நம்ம வார்டு விஷயம் இல்லியேம்மா."

"ஒயின்ஷாப்பு மட்டும் நம்ம வார்டு விஷயமா? கட நம்ம தெருவுல, வைத்தியம் மட்டும் வேற ஊர்லயா?"

விசிலடித்த பக்கமே கை தட்டியது. கவுன்சிலர் எழுத்தரைப் பார்த்துத் தலையசைத்தார். எழுத்தர், "ஊர்ப் பொதுமக்கள் கோரிக்கைன்னு போட்டுக்கறேன், உங்க பேரு வேணாமே" என்றார் மெதுவாக.

"பேரு போட்டே எழுது. லோகநாயகி, கள்ளிக்குப்பம். மனு மட்டும் போனா குப்பைல போட்ருவாங்கோ. ஆளு கீதுன்னு தெரிட்டும்."

அவர் எழுதினார். கூட்டம் தெருநாய்ப் பிரச்சினைக்கு நகர்ந்தது. தீர்மானம் மேலே போயிற்றா, எங்கே நிற்கிறது என்று இன்னும் பதில் இல்லை. அவள் மாதாமாதம் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆனால் அன்று பள்ளிக்கூட கேட்டைத் தாண்டும்போது, பின்னால் ஒரு பெண் வேகமாக வந்து சேர்ந்துகொண்டாள். வேம்புலியம்மாள், மூன்றாவது தெருவில் பூ விற்கிறவள். தங்கைக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தாள். தங்கை எங்கே இருக்கிறாள் என்று லோகநாயகி கேட்கவில்லை.

"வியாழக்கெழம ஏழு மணிக்கு பஸ் ஸ்டாப்பாண்ட வந்துரு. உன் ஆதார எட்த்துக்கோ. நானும் வரேன்" என்றாள்.