அணைக்காமல் விட்ட ரெக்கார்டர்

ஹெட்போன் வயர் அறுந்துபோயிருந்ததால், அன்று மாலை ஒலிப்பதிவை ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். படகு இன்ஜின் மெக்கானிக்கான என் கணவர், பின்னால் நின்று கைக் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தீவின் மொழியை முழுதாகப் பேச இரண்டே பேர்தான் மிச்சம்: என் மாமியாரும் அவர் தங்கையும். அதைப் பதிவு செய்து அகராதி ஆக்குவது என் வேலை. கணவருக்கு அதில் வசவு மட்டும்தான் தெரியும். கேள்விகள் முடிந்தாலும் ரெக்கார்டரை உடனே அணைக்க மாட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்த பிறகுதான் ஆட்கள் இயல்பாகப் பேசுவார்கள். அது ஓடுவது அக்கா தங்கை இருவருக்கும் தெரியும். ஆனாலும் மறந்துவிடுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவின் கடைசிப் பகுதியை அன்றுதான் கேட்டேன். அத்தை சிரித்துக்கொண்டே தங்கையிடம் சொல்கிறார்: மார்பில் கட்டி. கோலிக்குண்டு அளவு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாராம் டாக்டர். மருமகளிடம் மூச்சு விடாதே, வேலையை நிறுத்திவிடுவாள், அகராதி முடியட்டும்.

பின்னால் ஓட்டி, அதே இடத்தை மறுபடியும் போட்டேன்.

"அம்மா என்னமா சிரிக்குது! என்னைத்தானே திட்டுது, வாத்தியாரம்மா?" என்று கேலியாகக் கேட்டார் கணவர்.

இந்த மூன்று வாரமும் தினம் நான்கு மணி நேரம் அத்தையை உட்காரவைத்துக் காற்றின் பெயர்களைக் கேட்டிருக்கிறேன். இடது கையைத் தூக்கச் சிரமப்பட்டார். தலையணை கொடுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

நிமிர்ந்தேன். வாசலில் அத்தை, தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். தீவு மொழியில், "சொல்லாதே" என்றார். பிறகு மகனுக்கும் புரியும்படி, "வலை வார்த்தையெல்லாம் இன்னும் தொடவே இல்ல. மெஷினைப் போடுடி."

ரெக்கார்டரின் பேட்டரியைக் கழற்றினேன்.

"என்னங்க, அஞ்சு மணிப் படகை நிறுத்தி வைங்க. அத்தைக்கு மார்புல கட்டி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கணவர் கிரீஸ் துணியைக் கீழே எறிந்துவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினார்.

"பாவி! பாதி இன்னும் என் வாயிலேயே இருக்குதுடி."

"திரும்பி வந்து சொல்லுங்க அத்தை."

அத்தையின் துணிகளைப் பையில் திணித்தேன். ஜிப் என் விரலுக்குப் பிடிபடவே இல்லை. அத்தை குனிந்து பையின் வாயைச் சேர்த்துப் பிடித்தார்.

"ஆஸ்பத்திரியில அந்த மெஷினை உள்ள விடுவாங்களா?" என்றார் மெல்ல.