கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

தேனி பஜாரில் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் காண்டிராக்டர் தான்தான் என்று சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியாத பெருமை. எண்பத்தெட்டில் அது சும்மா காரியமா? தினமும் அதற்கு ஊதுபத்தி காட்டினார். ஆனால் அது உண்மையைச் சொன்னதும் மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அனுமந்தன்பட்டி வாய்க்காலில் ஒரு பாலம். ஜூன் பிறந்ததும் தண்ணீர் திறப்பார்கள், அதற்குள் முடித்துத் தருகிறவருக்குத்தான் டெண்டர். அண்ணாச்சியிடம் வேலை பார்க்கும் இஞ்சினியர் ஜெபமணி, அந்த மிஷினுக்கு மாதக்கணக்கில் பாடம் சொல்லி வைத்திருந்தாள். அனுபவப்பட்ட மேஸ்திரி மாதிரி அது கேள்வி கேட்கும். பதிலைத் தட்டினால் வேலை எப்போது முடியும், எவ்வளவு ஆகும் என்று சொல்லும். அது சொல்லும் தேதியை அச்சடித்து டெண்டரோடு வைப்பது அண்ணாச்சி வழக்கம். இந்தப் பாலத்துக்கு ஜூன் கடைசி என்று சொல்லிவிட்டது.

"வீரபாண்டித் திருவிழா குறுக்க வருமான்னு கேக்குதுல்ல, அதுக்கு இல்லன்னு தட்டு, தாயி. பாலம் மே மாசமே முடிஞ்சிரும்."

"தட்ட மாட்டேன் அண்ணாச்சி. திருவிழா முடியிற வரைக்கும் சாந்துச்சட்டியத் தொட இங்கன ஆள் ஏது?"

"சர்ச்சுக்குப் போற பிள்ளைக்குக் கௌமாரியம்மா மேல என்னா பக்தி!"

"பக்தியில்ல. போன வருசம் திருவிழாவுல போன நாள எப்படி ஈடு கட்டுனீக? காங்கிரீட் இறுகுமுன்ன முட்டுக்கம்பப் பிரிக்கச் சொன்னீக. தளம் விழுந்து சித்தாளு மொக்கம்மா கால் போச்சு."

அண்ணாச்சி முகம் செத்துப்போயிற்று. வாய் மட்டும் சாகவில்லை.

"தட்டு. இல்லன்னா நாளையில இருந்து வராத."

வேலை போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. இருந்தும் ஜெபமணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நீங்களே தட்டுங்க. வருசா வருசம் கௌமாரிக்குத் தீச்சட்டி எடுக்கிற கைதான? அந்தக் கையாலயே திருவிழா இல்லன்னு தட்டுங்க."

அண்ணாச்சி வீராப்பாகத்தான் உட்கார்ந்தார். 'இல்லை'க்கு மேல் விரலைக் கொண்டுபோனார். விரல் இறங்க மாட்டேன் என்றது. "ஆத்தா!" என்று முனகிவிட்டு 'ஆமாம்' தட்டினார். பழையபடி ஜூன் கடைசி.

"போச்சே, டெண்டர் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அலறினார்.

"மொக்கம்மா கால் போனப்ப இந்தச் சத்தம் போடலையே அண்ணாச்சி!" என்றாள் ஜெபமணி.