எட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம்

ஒரு துளி மழையும் பெய்யாத கோடையில், மண் பரிசோதகரின் மகள் குடியிருந்த வீடு வாரத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. பரிசோதகர் தன் அறிக்கையில் எண்பது என்று எழுதியிருந்தார். மண் எண்பதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஊர் மண் கருப்புக் களிமண். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் வீடு கட்டுகிறவர்கள் அது எவ்வளவு உப்பும் என்று முதலில் தெரிந்துகொண்டாக வேண்டும். அதைச் சொல்வதுதான் பரிசோதகர் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறையாகத் தொழில். நிலத்தில் குழாயை அடித்து இறக்கி, மண்ணைக் குலைக்காமல் எடுத்து, மெழுகு வைத்து அடைத்துக் கொண்டுவருவார்கள். பித்தளை வளையத்துக்குள் அதைப் பொருத்தி, மேலே எடை ஏற்றித் தண்ணீர் விடுவார்கள். மண் உப்ப உப்ப ஒரு முள் நகரும். முள் நின்ற இடத்தைப் பதிவேட்டில் எழுதினால் அதுதான் எண். மொத்தம் பதினேழு பதிவேடுகள். ஒன்றிலும் ஓர் அடித்தல் கிடையாது. இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பரிசோதகர் சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். ஊரில் அவரை நேரில் ஐயா என்றும் முதுகுக்குப் பின்னால் மில்லிமீட்டர் என்றும் அழைத்தார்கள். இரண்டுமே மரியாதைதான் என்று அவர் வைத்துக்கொண்டார்.

மண் தன் எண்ணுக்குக் கீழ்ப்படிகிறது என்பது அவருக்கு நாற்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. பழைய தாள்களைப் புரட்டியபோது, தபால் நிலையத்துக்குப் போட்ட கணக்கில் பத்தால் வகுக்க மறந்திருந்ததைக் கண்டார். வந்திருக்க வேண்டியது நான்கு, எழுதிக் கொடுத்தது நாற்பது. தபால் நிலையமோ சரியாக நாற்பது உயர்ந்து, வாசலுக்குப் புதிதாக ஒரு படி கட்ட வேண்டிவந்து, அந்தத் துல்லியத்துக்காக அவருக்குப் பாராட்டுக் கடிதமும் கொடுத்திருந்தார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். தப்பு செய்தது மண்ணா, குடும்பமா என்பது கேள்வி. மண்தான் என்று தீர்மானித்து, தாளைக் கிழித்துப் போட்டார். கிழித்துப் போட்ட தாள் நினைவில் இருக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கைகளில் ஒன்று.

சம்பந்தியாக வாய்த்தவர் ஒரு மேஸ்திரி. அவருக்குக் குழாயும் வேண்டாம், வளையமும் வேண்டாம். ஒரு பிடி மண்ணை எடுத்து, எச்சில் தொட்டு உருட்டி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து இத்தனை உப்பும் என்று சொல்லிவிடுவார். அவர் கட்டிய வீடுகள் விரிசல் இல்லாமல் நின்றன. மாப்பிள்ளையும் தங்கமான பையன். குறை சொல்ல ஒன்றுமே இல்லாதது பரிசோதகருக்குப் பெரிய குறையாக இருந்தது.

மகனுக்கும் மருமகளுக்கும் வீடு கட்ட மேஸ்திரி ஒரு மனை வாங்கினார். வரைபட அனுமதிக்கு மண் அறிக்கை இணைக்க வேண்டும். மேஸ்திரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு வந்து, உட்காரச் சொன்ன பிறகும் நின்றபடியே பேசினார்.

"சம்பந்தி, நீங்க ஒரு வார்த்தை பாத்துச் சொல்லிட்டா போதும். என் விரலு எட்டுங்குது. ஆபீஸ்ல காகிதம் கேக்குறாங்க, அதுக்குத்தான்."

அந்த 'அதுக்குத்தான்' பரிசோதகரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மூன்று முறை சோதனை செய்தார். மூன்று முறையும் முள் எட்டில் போய் நின்றது. ஏழே முக்கால் வந்திருந்தால்கூட மனிதர் தலைநிமிர்ந்து எழுதியிருப்பார். எட்டு என்று எழுதினால் குழாயும் மெழுகும் பித்தளையும் பதினேழு பதிவேடும் ஒரு கட்டைவிரலுக்குச் சமம் என்று ஆகிவிடும். அவர் எட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். எண்பது என்றால் சம்பந்தி ஆழமாகத் தோண்டுவார், அஸ்திவாரம் பலமாக இருக்கும், அது மகளுக்கு நல்லதுதானே. பாசத்தால் போட்ட பூஜ்யம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

மேஸ்திரி அறிக்கையைப் பிரித்தே பார்க்கவில்லை. அனுமதி ஆபீஸிலும் காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் இல்லை. வீடு எட்டுக்குத் தக்க அஸ்திவாரத்தோடு எழும்பியது.

முதலில் சமையலறை ஜன்னல் சாத்த மறுத்தது. பிறகு நிலைக்கு மேலே ஒரு விரிசல் ஓடியது. எட்டாவது வாரம், நாற்பது மில்லிமீட்டரில், படுக்கையறைக் கதவு இறுகிப்போய், ஆறு மாதக் கர்ப்பிணியான மகள் காலை முதல் மத்தியானம் வரை உள்ளே மாட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை கீலைக் கழற்றிக் கதவையே எடுத்த பிறகுதான் வெளியே வந்தாள். மேஸ்திரி தூக்குக்குண்டை விட்டுப் பார்த்து, அறுபதைத் தாண்டினால் பின்சுவர் நிற்காது என்று சொன்னார். யார் மேலும் பழி போடவில்லை. அதைத்தான் பரிசோதகரால் தாங்க முடியவில்லை.

மகளைத் தங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொல்லி, மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். மகள் கதவில்லாத அறையில், வெறும் நிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா தபால் ஆபீஸ் விஷயத்தைச் சொல்லிட்டாங்கப்பா. அறிக்கையையும் பிரிச்சுப் பாத்துட்டோம். எண்பதை அடிச்சிட்டு எட்டுன்னு எழுதிடுங்க."

கிழித்த தாளை மனைவி ஒட்டவைத்துப் படித்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இருந்தாலும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"நம்ம குடும்பத்துல யாரும் அடிச்சு எழுதினதில்லம்மா."

"சரி. அப்ப எண்பது வரட்டும். நான் இங்கயேதான் இருப்பேன். நம்ம குடும்பத்துல யாரும் சொன்ன சொல்லை மாத்தினதும் இல்லையே."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுபோல் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மண்ணாவது நீங்க சொன்னா கேக்குது" என்றாள். "இவ கேக்க மாட்டா."

அடிக்காமல் தப்பிக்க வழி உண்டா என்று அவர் மூன்று வாரம் தேடினார். எண்ணுக்குக் கீழே, பருவநிலையைப் பொறுத்து மாறக்கூடும் என்று அடிக்குறிப்பு எழுதினார். வீடு ஏறுவதோடு நில்லாமல் தினமும் இரண்டு மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆடத் தொடங்கி, அலமாரியில் பாத்திரங்கள் ஓயாமல் கிணுகிணுத்தன. ஒரு விடியற்காலையில் மனையின் மூலையில் நின்று, போதும் நிறுத்து என்று மண்ணை அதட்டினார். பக்கத்து வீட்டார் மூன்று பேர் பார்த்தார்கள். மண் வாய்ப்பேச்சை மதிக்கவில்லை. எழுத்து இருந்தால் காட்டு என்று எல்லாரையும் கேட்டுப் பழகியவர் வளர்த்த மண் அல்லவா.

ஐம்பத்தாறில் அவர் பதினேழாவது பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். தொழிலில் திருத்தத்துக்கு ஒரு முறை உண்டு, அவருடைய அப்பா வகுத்தது. பழைய எண் படிக்கும்படி ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், பக்கத்தில் சரியான எண், அதன் கீழே காரணம், பிறகு கையெழுத்து, பிறகு சாட்சிக் கையெழுத்து. அப்பா முறையை வகுத்தாரே தவிர உபயோகித்ததில்லை. மகளும் மாப்பிள்ளையும் மேஸ்திரியும் பார்த்துக்கொண்டிருக்க, பரிசோதகர் சாப்பாட்டு மேசையில் பதிவேட்டை விரித்து, அளவுகோல் வைத்து அடித்தார். எட்டு என்று எழுதினார். காரணம்: கருவிக் கோளாறு.

எல்லாருடைய கால்களுக்கும் கீழே தரை இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தது. மேசையிலிருந்த தம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. "அதுக்குப் பொய்யின்னு தெரிஞ்சிபோச்சு" என்றார் மேஸ்திரி, சிமெண்ட் சரியாக இறுகவில்லை என்று சொல்கிற குரலில்.

பரிசோதகர் காரணத்தை அடித்துவிட்டு, கணக்கில் பிழை என்று எழுதினார். சுவரில் கோடு கிழித்து அளந்துகொண்டிருந்த மாப்பிள்ளை ஐம்பத்தொன்பது என்றார். பின்சுவரிலிருந்து பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மகள் எழுந்திருக்கவில்லை, வயிற்றின்மேல் கைவைத்தபடி அப்பாவின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதகர் அதையும் அடித்தார். பிறகு, மங்கலாகத் தெரிந்தால் நல்லது என்பதுபோல், பொடி எழுத்தில் எழுதினார்: 'மூன்று முறையும் எட்டுதான் வந்தது. சம்பந்தியின் விரலும் எட்டு என்றது. விரல் சொன்ன எண்ணையே நானும் எழுத வெட்கப்பட்டுப் பூஜ்யம் சேர்த்தேன்.' கையெழுத்துப் போட்டார்.

வீடு இறங்கியது. அவசரப்படாமல், வயதானவர் நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கியது. சாட்சிக் கையெழுத்துப் போட மேஸ்திரி குனிந்து, எழுதியிருந்ததை முழுவதும் படித்தார். சிரித்திருந்தாலாவது பரிசோதகர் கோபப்பட்டுத் தப்பித்திருப்பார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. எனக்கு ஆறு, ஏழுன்னுதான் பட்டுச்சு. படிச்சவர்கிட்ட போய் ரொம்பச் சின்னதா சொன்னா நல்லா இருக்காதேன்னு எட்டுன்னு சொல்லிவச்சேன்."

சுவரில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எட்டு என்றார்.

அதற்குப் பிறகு, பூஜ்யம் என்று எழுதித் தரச் சொல்லிப் பலர் மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பரிசோதகர் கைவிரித்துவிட்டார். மண் இப்போதெல்லாம் எண்ணோடு காரணத்தையும் பார்க்கிறது, முள் காட்டியதைத் தவிர வேறு காரணம் தன்னிடம் இல்லை என்றார். பதினெட்டாவது பதிவேட்டில் பதினொரு அடித்தல்கள் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவற்றைக் காட்டி, ஒவ்வொன்றிலும் தான் எப்படி முட்டாளானேன் என்று விளக்குவார். இப்போது நிறையப் பேர் வருகிறார்கள்.

மகள் வீடு மழைக்காலத்தில் எட்டு மில்லிமீட்டர் உயர்ந்து, கோடையில் எட்டு மில்லிமீட்டர் இறங்குகிறது. உயர்ந்திருக்கும் மாதங்களில் வாசல் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும். பேத்திக்கு இப்போது மூன்று வயது. மழை நாளில் தாத்தா வந்து கதவைத் தள்ளினால், தூக்கித் தள்ளு தாத்தா என்று உள்ளிருந்து குரல் கொடுப்பாள். அவர் தூக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போவார்.