திரை இழுக்கிறவள்

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தும் அம்மாவின் கன்னத்தில் ரோஸ் பவுடர் போகவில்லை. தினுஷாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரத்தில் அம்மாவின் மாணவர்கள் வந்து, பெட்டிக்குள் கிடக்கிறவளுக்குப் புருவம் தீட்டி, உதட்டுக்குச் சாயம் பூசி, ராணிப் பொட்டும் வைத்துவிட்டார்கள்.

"ஏன் தம்பி, செத்தவங்களுக்கு யாராச்சும் இதெல்லாம் செய்வாங்களா?"

"வெறும் முகத்தோட ஆளுங்க முன்னால போகக்கூடாதுன்னு டீச்சர் சொல்லுவாங்கக்கா," என்றான் றிஷாத். நாடக வகுப்பில் மூத்தவன் அவன்தான்.

"வீட்ல வெறும் முகத்தோடதான் இருந்தாங்க."

வீட்டில் இருந்த நாட்களையே விரல்விட்டு எண்ணிவிடலாம். சாவும் வீட்டில் வரவில்லை. முந்தாநாள் வகுப்பில், ராணி சாகிற காட்சியைப் பாடி நடித்துக் காட்டும்போது அம்மா விழுந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்களாம். தட்டி ஓய்ந்த பிறகுதான் டீச்சர் எழும்பவில்லை என்று தெரிந்ததாம். இப்படியும் ஒரு கூத்து நடக்குமா? அதைச் சொன்ன பிறகு றிஷாத் தினுஷாவின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

வாசல் பேனரில் 'இசை நாடக அரசி சுலோச்சனா' என்று போட்டிருந்தார்கள். எல்கடுவைத் தோட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வேறு யாரோ செத்த வீடு என்று தாண்டிப் போய், திரும்பி வந்து ஏசினார்கள். அவர்களுக்கு அம்மா காத்தாயிதான். காத்தாயி சாவுக்கு வந்தவர்களுக்கு மேடைப் பெயர் சுலோச்சனாவை எப்படித் தெரியும்?

வாய்க்கரிசி போட்டு முடிந்தது. மாரிமுத்து மாமா வானத்தைப் பார்த்தார். அம்மாவின் தம்பி அவர்.

"மழை இருட்டிக்கிட்டு வருது. மூடிரலாம்."

"ஒரு பாட்டு மட்டும் பாடிர்றோங்க்கா," என்றான் றிஷாத். பின்னால் ஒருவன் ஆர்மோனியத்தைத் திறந்தேவிட்டான். "டீச்சரோட கடைசிப் பாட்டு."

"இது டவுன் ஹோலா தம்பி? இன்னிக்கு ஒரு நாளாச்சும் அவங்க எங்களுக்கு மட்டும் இருந்தா என்னவாம்?"

தினுஷா கேட்டதற்கு அண்ணன் சசிக்குமார்தான் மெதுவாகச் சொன்னான். "பாடட்டும் விடு. வேணாம்னா மட்டும் விட்டுருவாங்களா?"

பாடினார்கள். மாமா வெள்ளைத் துணியின் நுனியைத் தினுஷாவின் கையில் கொடுத்தார். "மகதான் மூடணும். பாட்டு முடிஞ்சோன முகத்துக்கு மேல இழுத்துரு."

இழுக்கிறதுதானே அவள் வேலை. உனக்குக் குரல் இல்லை, நீ திரைக் கயிற்றைப் பிடி என்று சின்ன வயதிலேயே அம்மா அவளை மேடை ஓரத்தில் நிறுத்திவிட்டாள். இந்தப் பாட்டு எங்கே முடியும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. கைதட்டல் கேட்டால் அம்மா பல்லவியைத் திரும்ப எடுத்துவிடுவாள். அதனால் ஒரு சைகை. அம்மாவின் இடது கை முதுகுக்குப் பின்னால் போய் விரல் மடங்கினால்தான் திரை. சனம் முழுக்க அம்மாவின் முகத்தைப் பார்க்கும், தினுஷா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கடைசி பஸ் போய்விடும், விடிந்தால் பள்ளிக்கூடத்தில் சோதனை இருக்கும், கால் கடுக்கும். அந்தக் கை மட்டும் மடங்காது. எத்தனை நாள் மனதுக்குள் திட்டியிருப்பாள்.

பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

"இழு புள்ள," என்றார் மாமா.

அம்மாவின் கைகள் நெஞ்சின் மேல் இருந்தன. கட்டைவிரல் இரண்டையும் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"மழை வந்துருச்சி. என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

"கொஞ்சம் இருங்க மாமா."

துணியின் நுனியைப் பிடித்தபடி, அந்த இடது கையையே பார்த்துக்கொண்டு அவள் நின்றாள்.