தறிக்குழியில் ஏறிய ஏரி

சாயத்தாங்கல் ஏரித் தண்ணீர் தன்னைக் கேட்காமல் ஓர் அங்குலம்கூட நகராது என்று உதவிப் பொறியாளர் ஜுனைத் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அது உண்மைதான். நகர்ந்த பிறகு எங்கே போகும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. உபரி நீர் வழியும் கலங்கல் விரிசல் விட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய டெண்டர் வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போனது. அதுவரை மதகு ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கித்தான் ஏரியை இறக்க வேண்டியிருந்தது. தூக்கும்போதெல்லாம் பாதித் தண்ணீர் கால்வாயில் போனது. மீதி, ஐயம்பேட்டையில் நெசவாளி கமலாட்சியின் தறிக்குழியில் ஏறியது. இடையில் இருந்த ஊர்களில் மண்கூட நனையவில்லை.

நெய்பவர் காலை இறக்கி மிதிக்கும் குழி அது. முதலில் கணுக்கால் அளவு வந்தது, பிறகு முழங்கால். ஒருமுறை கெண்டைக் குஞ்சும் வந்தது. ஊர்ச் சொத்தை வீட்டில் வைத்துக்கொள்வது கேவலம் என்று கமலாட்சி அதைக் குடத்தில் மொண்டு, ஷேர் ஆட்டோவில் கொண்டுபோய் ஏரியிலேயே ஊற்றினாள். கரையில் நின்று ஜுனைத் கைதட்டினார்.

"நான் தொறக்கறேன், நீ ரொப்பறியாக்கா? நல்ல டிபார்ட்மென்ட்டு."

மதகு ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள்.

"தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுப்பா. பாவு நூலைத் தூக்கிக் கட்டிக்கறேன். எம் பொண்ணு கீர்த்தி கல்யாணப் பொடவை தறியில ஓடிக்கினு இருக்குது."

ஊருக்கெல்லாம் நெய்தவள் தன் வீட்டுக்கென்று போட்ட முதல் பாவு. ஏரி வீடு வீடாகப் போன் பண்ணாது என்று சொல்லிவிட்டு, ஜுனைத் அவள் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் விரிசல் அகன்ற காலை, ஷட்டரை முழுக்கத் தூக்க வேண்டியதாயிற்று. போன் சட்டைப்பையில் இருந்தது. மதகு ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் ஒரு தறிக்குழிக்குத் தகவல் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. தூக்கினார். கரை பிழைத்தது, மேலதிகாரி பாராட்டினார்.

மாலையில் ஐயம்பேட்டைக்குப் போனார். புடவையின் அரக்குக் கரையிலிருந்த சாயம் சந்தன நிற உடலில் இறங்கி, நெய்த வரைக்கும் பாழாகியிருந்தது. திட்டினால் சொல்லப் பதில் வைத்திருந்தார். கமலாட்சி திட்டவில்லை.

"போன்ல சார்ஜ் இல்லையாப்பா?"

அவர் தப்பிக்க அவளே ஒரு வழி விட்டாள்.

"இருந்துதுக்கா."

ஜுனைத் பேன்ட்டை மடித்துக்கொண்டு குழியில் இறங்கினார், குடத்தில் தண்ணீரை மொண்டு தெருவுக்குத் தூக்கிப் போனார். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர்கள் எதுவும் கேட்காமல் நகர்ந்து குடத்துக்கு இடம் விட்டார்கள்.

"ஏரிக்குத்தானே சார்" என்று டிரைவர் வண்டியை எடுத்தார்.